லவீனா கண்ட நரகம்

ஜெயகௌரி தன் புருசனுக்காக மன்றாடுவதை நிறுத்தி மூன்று மாதமாகிவிட்டது. கோபத்தில் நிறுத்தவில்லை, மறந்தும் போகவில்லை. நரகத்தில் கிடக்கிற ஆத்துமாவுக்குப் பூசை ஒப்புக்கொடுத்துப் பயனில்லை என்பது குருநகரில் முதல் நன்மை எடுக்கிற எட்டு வயசுப் பிள்ளைக்கும் தெரியும். பாவக்கடன் தீரும்வரை உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருப்பவர்களுக்குத்தான் நம்முடைய மன்றாட்டுப் போய்ச் சேரும். கிறிஸ்துநாயகம் இருப்பது அங்கே அல்ல, நரகத்தில்தான் என்று அவளுக்கு ஆடி மாதம் செய்தி வந்தது. செய்தி கொண்டுவந்தவள் லவீனா.

வேறு யாராவது சொல்லியிருந்தால் விளக்குமாற்றால் கலைத்திருப்பாள். லவீனாவை எப்படிக் கலைப்பது? நண்டுச் சதை பிரித்தெடுக்கிற கொம்பனியில் பதினேழு வருசம் ஒரே மேசையில் எதிரெதிராக இருந்து வேலை செய்தவர்கள். கை ஓட்டை உடைத்துக்கொண்டிருக்க வாய் சும்மா இருக்குமா? ஒருத்தி வீட்டுச் சட்டிக்குள் என்ன கொதிக்கிறது என்பது மற்றவளுக்கு மணக்காமலே தெரியும். லவீனா ஐந்தாறு வயசு இளையவள். அவளுடைய கலியாணத்துக்குக் கிறிஸ்துநாயகம் இரண்டு பெட்டி மீன் கொண்டுவந்து இறக்கி, தானே பந்தலும் கட்டினவர். "அண்ணை" என்று வாய் நிறையக் கூப்பிடுவாள்.

அந்த அண்ணை கடலில் போய் ஆறு வருசம். ஐப்பசி மாதம், போட்ட வலையை இழுக்கவென்று விடியத் தனியப் போனவர். காற்றெழும்பியது. படகு வந்தது, ஆள் வரவில்லை. மூன்றாம் நாள் மண்டைதீவுக் கரையில் எடுத்தார்கள். சட்டைப்பையின் பொத்தான் பூட்டியபடி இருந்தது. உள்ளே செபமாலை மணிகள், கோர்வையில்லாமல், உதிரியாக.

செத்த வீட்டில் சனம் கேளாமல் விடுமா? தண்ணீரில் அறுந்திருக்கும் என்று ஜெயகௌரி சொல்லிச் சமாளித்தாள். ஆனால் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வந்து, குசினிக்குள் லவீனாவும் அவளுமாகத் தனித்திருந்தபோது வேறு கதை சொன்னாள். "அண்டைக்கு அவருக்கு முதல்நாள் வெறி முறியேல்லை. என்னோடை சண்டை பிடிச்சு, செபமாலையை என்ரை கையிலையிருந்து பிடுங்கி அறுத்தெறிஞ்சவர். பேந்துதான் கடலுக்குப் போனவர்."

லவீனா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "அந்தோனியார் அறிய இது என்னோடை மண்ணுக்குள்ளை போகும் அக்கா" என்றாள். ஜெயகௌரி நம்பினாள். ஆறு வருசமாக அந்தக் கதை வெளியே வரவுமில்லை.

இந்த வருசம் தை மாதம் லவீனாவுக்கு டெங்கு வந்தது. இரத்தம் கசிந்து, நினைவு தப்பி, ஆஸ்பத்திரியில் ஆறு நாள் மூச்சு மெசினில் கிடந்தாள். பிழைக்கமாட்டாள் என்று எல்லோரும் கைவிட்ட நேரம் கண்ணைத் திறந்தாள். திறந்தவள் முன்பு இருந்த லவீனா இல்லை. மோட்சத்தையும் நரகத்தையும் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன் என்றாள். முதலில் வார்ட்டில் பக்கத்துக் கட்டிலுக்குச் சொன்னாள். பிறகு கொக்குவிலில் ரயில் பாதைக்குப் பக்கத்திலுள்ள ஒரு செபக்கூடத்துக்காரர் வந்து கேட்டார்கள். ஆனி மாதத்துக்கிடையில் கொம்பனி வேலையை விட்டுவிட்டாள். சனிக்கிழமைகளில் வெள்ளைச் சேலை உடுத்து, 'சகோதரி லவீனா'வாகச் சாட்சி சொல்லத் தொடங்கினாள். முதலில் பொன் தெருக்கள் என்றும் பளிங்கு ஆறு என்றும் சொன்னாளாம். மோட்சத்தைக் கேட்டுச் சனம் கொட்டாவி விட்டது போலிருக்கிறது, போகப்போக நரகம்தான் நீண்டுகொண்டு வந்தது.

ஆடியில் ஒரு மத்தியானம் ஜெயகௌரியிடம் வந்தாள். கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அண்ணையைக் கண்டனான்."

ஜெயகௌரிக்கு மனம் துள்ளியது. கனடாவுக்குப் போய் வந்தவளிடம் கேட்பதுபோல, "எப்பிடி இருக்கிறார்? மெலிஞ்சு போனாரோ?" என்று கேட்டாள். அவ்வளவு ஆசை.

லவீனா தலையை ஆட்டினாள். "நல்ல இடத்திலை இல்லை அக்கா."

"உத்தரிக்கிற ஸ்தலத்திலையோ?"

"அதுக்கும் கீழை."

அதற்குமேல் சொல்லமாட்டேன் என்றுவிட்டாள். "என்னட்டைக் கேக்காதேங்கோ. சனிக்கிழமைக் கூட்டத்துக்கும் வராதேங்கோ. உங்களுக்குத் தாங்காது." போகும்போது கன்னத்தில் முத்தமிட்டாள். அந்த ஈரம் காயும்வரை ஜெயகௌரி அதே இடத்தில் நின்றாள்.

மாதாமாதம் ஒப்புக்கொடுத்த பூசையை நிறுத்தினாள். சேமக்காலையில் அவருடைய கல்லறைக்குப் போவதையும் நிறுத்தினாள். சோற்றைப் போட்டுக்கொண்டு இருந்தால் அவருக்கு அங்கே தாகம் எடுக்குமே என்று தோன்றும், அப்படியே சோற்றுக் கோப்பையை மூடிவிட்டு எழும்புவாள். கிறிஸ்துநாயகம் புனிதர் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. குடித்தவர்தான். செத்த வருசம் உயிர்ப்புத் திருநாளுக்குப் பிறகு, பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டிப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்தான். ஆனாலும் முடிவில்லாமல் எரிகிற அளவுக்கு அந்த மனுசன் என்ன செய்தார் என்று அவளுக்குப் புரியவில்லை. கேட்கவும் ஆளில்லை.

ஒக்டோபர் முடிகிற வேளையில் ஜெனிஸ்ரன் வந்தான். கிறிஸ்துநாயகத்தின் கடைசித் தம்பி. படகு எஞ்சின் திருத்துகிறவன், ஞாயிறுகளில் கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பிப்பவன். நவம்பர் இரண்டாம் திகதி சகல ஆத்துமாக்கள் நாள். அன்று சேமக்காலையில் வாசிப்பதற்காகப் பங்கு அலுவலகத்தில் இறந்தவர்களின் பேர்கள் எழுதுகிறார்கள். அவன் பார்த்தபோது தமையனின் பேர் இல்லை.

"ஏன் அண்ணி, அண்ணையின்ரை பேர் குடுக்கேல்லையோ?"

அவள் மறைக்காமல் சொன்னாள். ஜெனிஸ்ரனுக்குச் சிரிப்பு வரவில்லை, காது இரண்டும் சிவந்தன. வீட்டுக்குப் போய், கிறீஸ் கையைக் கழுவாமலே விவிலியத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தான்.

"நரகத்திலை எரிஞ்சுகொண்டிருந்த பணக்காரன் மோட்சத்திலை இருந்த ஆபிரகாமிட்டை என்ன கேட்டவன்? உங்களோடை இருக்கிற பிச்சைக்கார இலாசரை என்ரை வீட்டை அனுப்புங்கோ, என்ரை சகோதரங்களுக்கு எச்சரிக்கை சொல்லட்டும் எண்டு. ஆபிரகாம் விட்டவரோ? மோசேயும் இறைவாக்கினரும் இருக்கினம், அவையளுக்குக் காது குடுக்காதவை செத்தவன் எழும்பி வந்தாலும் நம்பமாட்டினம் எண்டார். ஆபிரகாம் ஒருத்தருக்கும் குடுக்காத விசாவை உங்கடை லவீனாவுக்கு ஆர் குத்திக் குடுத்தது?"

"பவுல் மோட்சத்துக்குப் போய்வந்தவர்தானே" என்றாள் ஜெயகௌரி. அவளும் இந்த மூன்று மாதமாகச் சும்மா இருக்கவில்லை.

"ஓம், மூண்டாம் வானம்வரை போனவர். வந்து என்ன சொன்னவர்? மனிசர் சொல்லக்கூடாததைக் கேட்டன் எண்டதோடை சரி. அதையும் பதினாலு வருசம் கழிச்சுத்தான் சொன்னவர். அதுவும் ஆரோ ஒருத்தனை எனக்குத் தெரியும் எண்டு, தன்ரை பேரை மறைச்சு. இவ மெசினைக் கழட்டமுன்னமே துவங்கிட்டா."

"அருளப்பர் தான் கண்ட காட்சியெல்லாம் எழுதி வைச்சவரே."

"எழுது எண்டு அவருக்குச் சொல்லப்பட்டது, எழுதினார். ஆனால் இன்ன ஒழுங்கையிலை இன்ன வீட்டுக்காரன் நெருப்புக்குள்ளை நிண்டவன் எண்டு ஒரு அயலவனையாவது பேர் சொல்லிக் காட்டினவரோ? ஆண்டவர் எழுப்பின பெத்தானியா இலாசர் நாலு நாள் கல்லறைக்குள்ளை கிடந்து எழும்பி வந்தவர். அந்த நாலு நாளும் எங்கை இருந்தனீர், என்ன கண்டனீர் எண்டு நற்செய்தியிலை ஒரு வரி காட்டுங்கோ. சாப்பிட்டவர் எண்டுதான் கிடக்கு. திருச்சபை ஆயிரம் பேரைப் புனிதர் எண்டு சொல்லியிருக்கு. ஒருத்தன் நரகத்திலைதான் எண்டு இதுவரைக்கும் தீர்ப்புச் சொன்னதில்லை."

"யூதாசு?"

ஜெனிஸ்ரன் கொஞ்சம் யோசித்தான். "அவனைக்கூட." பிறகு தணிந்த குரலில், "சிலுவையிலை தொங்கின கள்ளன் ஆண்டவரிட்டை ஒரே ஒரு வசனம்தான் கதைச்சவன் அண்ணி. அவனுக்கு மோட்சத்துக்குப் போக அது காணுமெண்டால், கடலுக்குள்ளை கிடந்து அண்ணை ஒரு வசனம் கதைச்சிருக்கமாட்டாரோ?" என்றான்.

ஜெயகௌரி அழுதாள். ஆனால் அசையவில்லை. "நீ சொல்லுறது எல்லாம் சரி தம்பி. புத்தகம் சரி. ஆனால் லவீனா எனக்குப் பொய் சொல்லமாட்டாள். சும்மா ஆரோ எண்டால் பரவாயில்லை. அவள் எனக்கு ஏன் பொய் சொல்லவேணும்?"

இதுதான் வில்லங்கம். வேதம் ஒரு தட்டிலும் சிநேகிதி ஒரு தட்டிலும் இருந்தால், பாவம், வேதம்தான் மேலே போகிறது.

ஜெனிஸ்ரன் எஞ்சின்காரன். மொத்தமாக ஓடாததைத் துண்டு துண்டாகக் கழற்றிப் பார்க்கிறவன். "சரி, மோசே ஒரு லேசான சோதனை சொல்லியிருக்கிறார். ஆண்டவரின்ரை பேராலை ஒருத்தன் சொன்னது நிசத்தோடை பொருந்தாட்டில் அது ஆண்டவர் சொன்னதில்லை, அவனுக்குப் பயப்பிடாதேங்கோ எண்டு. ஆர் என்ன பாவத்துக்காக அங்கை நிக்கினம் எண்டு அவ கூட்டத்திலை சொல்லுறாவாம், அண்ணைக்கும் சொல்லுவா. போய்க் கேளுங்கோ. நிசத்தோடை பொருந்தினால், நான் இனி வாய் திறக்கேல்லை."

அடுத்த சனிக்கிழமை நவம்பர் ஒன்று. பின்னேரம் இரண்டரை மணிக் கூட்டத்துக்கு ஜெயகௌரி தனியப் போனாள். தகரக் கூரை, இருநூறு பிளாஸ்ரிக் கதிரை, சுழலாத காற்றாடிகள். கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் இருந்துகொண்டாள். பாட்டு முடிந்து போதகர் இரண்டு வார்த்தை சொல்ல, லவீனா எழும்பினாள்.

நன்றாகத்தான் பேசினாள், அதைச் சொல்லத்தான் வேண்டும். நண்டு மேசையில் வம்பளக்கும்போதும் அவளுக்கு அந்த வரம் இருந்தது. இருட்டான படிகள், இறங்க இறங்க வெக்கை, மணம். சனம் கதிரை நுனிக்கு வந்துவிட்டது.

"அங்கை எங்கடை கரையிலை தொழில் செய்த ஒரு சகோதரனைக் கண்டன்" என்றாள். "எனக்கு ஒரு அண்ணன் மாதிரி இருந்தவர். ரெண்டு கையையும் இப்பிடி ஏந்திக்கொண்டு நிண்டார். கைக்குள்ளை என்ன எண்டு பார்த்தன். செபமாலை மணியள்! ஒவ்வொண்டும் தணலாப் பழுத்துப்போய்க் கிடக்கு. தங்கச்சி, நான் சாகிற அண்டு விடிய வெறியிலை என்ரை மனுசியின்ரை கையிலையிருந்து செபமாலையைப் பிடுங்கி அறுத்தெறிஞ்சனான், அந்த மணியள்தான் இப்ப என்னைச் சுடுது எண்டு கத்தினார். கீழை போடப் பார்க்கிறார், அது கையை விட்டுப் போகுதில்லை."

சனம் "ஐயோ ஆண்டவரே" என்றது. பக்கத்துக் கதிரைப் பெண் விம்மினாள்.

மண்ணுக்குள் போகவேண்டிய கதை ஒலிபெருக்கியில் போய்க்கொண்டிருந்தது. ஆனால் ஜெயகௌரியைப் பிடித்து உலுப்பியது அது மட்டும் அல்ல.

ஏனென்றால் கிறிஸ்துநாயகம் செபமாலையை அறுக்கவில்லை.

அவர்கள் வீட்டு வழக்கம் ஒன்று உண்டு. கடலுக்குப் போகிறவர் செபமாலையைத் தானாக எடுக்கமாட்டார். மனுசி மாதா படத்தடியிலிருந்து எடுத்து, வாசலில் வைத்துக் கையில் கொடுக்கவேண்டும். அன்று விடிய முதல்நாள் குடியைச் சொல்லிச் சண்டை தொடங்கியவள் ஜெயகௌரி. அவர் வாசலில் நின்று கையை நீட்டினார். "இந்தா, கொண்டு துலை" என்று அவள்தான் விட்டெறிந்தாள். கதவு நிலையில் பட்டு அறுந்தது. மணிகள் முற்றமெல்லாம் சிதறின. அவர் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. டோர்ச் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு, குந்தியிருந்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சட்டைப்பைக்குள் போட்டுப் பொத்தானைப் பூட்டினார். "வந்து வலைத் தங்கூசி நூலிலை கோத்துத் தாறன், இனி அறாது" என்றார். அதுதான் கடைசிக் கதை.

இதை ஒருவருக்கும் சொல்ல அவளுக்கு நாக்கு எழும்பவில்லை. பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லவில்லை. செத்தவர் திரும்பி வந்து மறுக்கவா போகிறார் என்று பழியை அவர் தலையில் போட்டாள். அந்தப் பொய்யை உலகத்தில் ஒரேயொருத்தியிடம்தான் சொன்னாள். இப்போது அதே பொய், ஒரு சொல் பிசகாமல், நரகத்திலிருந்து திரும்பி வந்திருக்கிறது.

சாட்சி முடிந்ததும், மனம் தொடப்பட்டவர்கள் முன்னுக்கு வந்து பேசலாம் என்று போதகர் சொன்னார். ஜெயகௌரி எழும்பி நடந்தாள். அவளைக் கண்டதும் லவீனாவின் முகம் வெளிறியது. மைக் கைக்கு வந்துவிட்டது.

"நான் குருநகர். சகோதரி சொன்ன ஆள் என்ரை மனுசன், கிறிஸ்துநாயகம்" என்றாள். "அவர் செபமாலையை அறுக்கேல்லை. நான்தான் எறிஞ்சனான். அவர் பொறுக்கினவர். லவீனாவுக்கு நான் மாறிச் சொன்னனான். அந்தப் பொய் என்னட்டையும் அவளிட்டையும்தான் இருந்தது. அது நரகத்திலை எப்பிடிக் கிடந்தது எண்டு அவளைக் கேளுங்கோ."

ரயில் ஒன்று போய்க் கடக்கும்வரை ஒருவரும் அசையவில்லை. போதகர் லவீனாவைப் பார்த்தார். லவீனா கண்ணை மூடினாள். ஒரு நிமிசம் அப்படியே நின்றவள், ஜெயகௌரியின் தோளில் மெதுவாகக் கையை வைத்தாள்.

"ஆண்டவர் இப்பதான் எனக்கு வெளிச்சம் தாறார்" என்றாள். "அங்கை ஒரே புகை. முகம் வடிவாத் தெரியேல்லை. நான் அண்ணை எண்டு நினைச்சிட்டன். அது அண்ணை இல்லை. அந்தத் தணலை ஏந்திக்கொண்டு நிண்டது நீங்கள், அக்கா. மனந்திரும்புங்கோ எண்டு ஆண்டவர் முன்கூட்டிக் காட்டியிருக்கிறார்."

"அல்லேலூயா!" என்று யாரோ முன்வரிசையில் கத்த, கூடம் முழுக்க எழும்பிக் கைதட்டியது.

ஜெயகௌரி மைக்கை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். தனக்கு நரகம் என்று சொன்னதற்கு அவள் பயப்படவில்லை. பதினேழு வருசத்துச் சிநேகிதி, இருநூறு பேருக்கு முன்னால் முகம் தப்புவதற்காக, யோசிக்க ஒரு நிமிசம் எடுத்து அவளை நெருப்புக்குள் தூக்கிப் போட்டிருக்கிறாள். அந்த ஒரு நிமிசம்தான் நெஞ்சை அறுத்தது.

பஸ் நிற்பாட்டுமிடத்துக்கு லவீனா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது.

"அக்கா, கோவிக்காதேங்கோ. அவ்வளவு சனத்துக்கு முன்னாலை நான் வேறை என்னத்தைச் சொல்லுறது?"

"நீ உண்மையா என்ன கண்டனீ?"

லவீனா இரண்டு பக்கமும் பார்த்தாள். "இருட்டு அக்கா. ஒரே இருட்டு. மற்றதெல்லாம்... எல்லாரும் என்ன கண்டனீ, என்ன கண்டனீ எண்டு கேட்டவை. இருட்டு எண்டு சொன்னால் ஆர் கேக்கினம்?"

"என்ரை மனுசனை?"

"காணேல்லை."

ஆறு வருசத்தில் இல்லாத ஒரு ஆறுதலும், அதைச் சொன்ன வாயைப் பார்க்கவே கூசுகிற வெறுப்பும் ஜெயகௌரிக்குள் ஒன்றாக எழும்பின. கேட்காமல் போயிருக்கலாம். கேட்டாள்.

"நீ பொய் சொன்னதை விடு. உனக்குப் பந்தல் கட்டின மனுசன் அவர். ஒருநாளெண்டாலும் என்னோடை கை நீட்டினதை, ஒரு சாமானைத் தூக்கி எறிஞ்சதைக் கண்டிருக்கிறியோ? அப்பிடிப்பட்டவர் மாதாவின்ரை செபமாலையை அறுத்தெறிஞ்சவர் எண்டு எப்பிடியடி நம்பினனீ?"

லவீனா அவளை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் சகோதரி லவீனா இல்லை, மேசைக்கு எதிர்ப்பக்கம் இருந்த பழைய பெட்டைதான் இருந்தாள்.

"நீங்கள் சொன்னபடியாத்தான் அக்கா."

யாழ்ப்பாணம் போகிற பஸ் வந்தது, ஜெயகௌரி ஏறினாள். ஐந்து மணிக்குள் பங்கு அலுவலகத்துக்குப் போனால் நாளைக்கு வாசிக்கிற பேர்களில் அவருடையதையும் எழுதலாம். எழுதிவிட்டு, கோயில் சுவாமியைத் தேடிப் போய்ப் பாவசங்கீர்த்தனத்துக்கு முழந்தாளில் இருக்கவேண்டும். லவீனாமீது பிழை சொல்ல வழியெல்லாம் சொற்களைத் தேடிப் பார்த்தாள். எந்தச் சொல்லை எடுத்தாலும் அது முதலில் அவளையே சுட்டது.